மழை பெய்தால் மலை வழுக்கும்: ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ விமர்சனம்

2017 மார்ச் 3ஆம் தேதி நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் விற்பனைக்கு வந்தது. அன்றே வந்த ஆட்டம் ‘த லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்’. நிண்டெண்டோவின் முந்தைய கன்சோலான வீ யூவுக்கும் அது கிடைத்தது. வேறு எந்தக் கம்பெனியின் கருவிக்கும் வரவில்லை. கணக்கிடும் திறனில் ஸ்விட்ச், அப்போது கடையில் இருந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும் கீழே. அப்படியிருந்தும் ‘த கேம் அவார்ட்ஸ்’ விழாவில் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதை இதுதான் வாங்கியது; ஸ்விட்சில் மட்டும் 3 கோடிக்கு மேல் விற்றது. தத்ரூபமான படம், சினிமா போன்ற கதை, குரல் நடிப்பு என்று விளம்பரங்களில் முன்னால் நிற்கும் எதிலும் இது முதலிடம் பிடிக்காது. ஒரு வீடியோ கேமை நல்லதாக்குவது எது என்று பிரித்துப் பார்க்க அதனாலேயே இது தோதான ஆட்டம்.

கிராபிக்ஸிலிருந்து தொடங்கலாம். ஸ்விட்சுக்குள் இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். கையில் பிடித்து ஆடினால் 6.2 அங்குலத் திரையில் 720பி. டிவியில் மாட்டினால் 900பி. எண்களில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் தோலின் துளையையும் துணியின் நூலையும் நகலெடுக்கும் போட்டியில் இந்த ஆட்டம் இறங்கவே இல்லை. கையால் வண்ணம் தீட்டிய அனிமேஷன் படத்தின் சாயலில், தட்டையான நிறங்களும் தெளிவான விளிம்புகளுமாக உலகம் வரையப்பட்டிருக்கிறது. வன்பொருளின் குறையை மறைக்கும் தந்திரம் என்று மட்டும் இதை எண்ணிவிடக் கூடாது. திரையில் இருப்பதில் எது எரியும், எது உடையும், எதைத் தூக்கலாம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். விவரம் குவிந்த படத்தில் அது தொலைந்துபோகும். புதிர்கள் அடங்கிய சிறு கோயில்களில் இன்னும் நுழையாதது தொலைவிலிருந்தே ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், முடித்த பிறகு நீலமாகிவிடும். வானில் புகை தெரிந்தால் கீழே யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அலங்காரத்துக்காக மட்டும் வைத்தது குறைவு.

நிலத்தின் அமைப்பும் அதே வேலையைச் செய்கிறது. மலைகளையும் மேடுகளையும் முக்கோண வடிவங்களாக அடுக்கியதாக உருவாக்கிய குழுவே ஒரு மாநாட்டில் விளக்கியிருக்கிறது. முக்கோணம் கண்ணை உச்சிக்கு இழுக்கும். பின்னால் இருப்பதைப் பாதி மறைக்கும். ஏறுவதா சுற்றிப் போவதா என்று முடிவெடுக்க வைக்கும். ஒரு மேட்டைத் தாண்டியதும் மறைந்திருந்த கோபுரம் தலைகாட்டுகிறது, அதை நோக்கிப் போகும் வழியில் வேறொன்று கண்ணில் படுகிறது. வரைபடம் முழுக்கக் குறிகளை இறைத்து, அவற்றை ஒவ்வொன்றாக அடிக்கச் சொல்லும் திறந்தவெளி ஆட்டங்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். எவ்வளவு தூரம் நடந்தால் அலுப்புத் தட்டாது என்று கணிக்க, இயக்குநர் ஹிதெமாரோ புஜிபயாஷி தமக்குப் பழக்கமான கியோட்டோ நகர வரைபடத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்.

படத்தின் வேகத்தில் ஆட்டம் சறுக்குகிறது. ஸ்விட்சில் நொடிக்கு 30 பிரேம், அதாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சுமார் 33 மில்லிநொடி. சண்டையில் கடைசி நொடியில் விலகி அடிக்க இது போதும். ஆனால் புல்லும் மரமும் அடர்ந்த கோரோக் காட்டுக்குள் நுழைந்தால் அந்த 30கூட நிற்பதில்லை. நடையே இழுத்துப் பிடித்தாற்போல் ஆகிவிடும். வெளியான மாதமே வந்த அப்டேட் நிலைமையைச் சற்றுச் சீராக்கியது, முழுதும் தீர்க்கவில்லை. கிராபிக்ஸ் பேச்சில் ரெசல்யூஷனுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட இந்தச் சீர்மைக்குக் கிடைப்பதில்லை. கட்டளை கொடுத்த கைக்கும் திரைக்கும் நடுவே தாமதம் வந்தால் 4கே படமும் எரிச்சல்தான்.

இனி ஆட்டத்தின் உயிர்நாடி. 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் இந்தக் குழு ஒரு முன்மாதிரியைக் காட்டியது: 1986இல் வந்த முதல் செல்டாவைப் போலவே தட்டையான, சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன படம். அதில் மரத்தை வெட்டலாம், வெட்டிய கட்டையை ஆற்றில் விடலாம், தீ வைத்தால் எரியும். பெரிய உலகத்தைக் கட்டும் முன்பே இந்த விதிகளைத்தான் அவர்கள் சோதித்தார்கள். பொருள்களின் அசைவைக் கணிக்கும் இயற்பியல் நிரல் பல ஆட்டங்களில் உண்டு. இங்கே கூடுதலாக ஒரு வேதியியல் நிரலும் இருக்கிறது. தீ, நீர், மின்சாரம், காற்று, குளிர் ஆகியவை பொருள்களை எப்படி மாற்றும் என்பதற்குப் பொதுவான விதிகளை எழுதி, உலகம் முழுவதற்கும் அவற்றையே பொருத்திவிட்டார்கள்.

தொடக்கப் பகுதியான ‘கிரேட் பிளாட்டூ’ மேட்டுநிலத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்று கிட்டப் பார்க்கலாம். நாயகன் லிங்க் கந்தல் சட்டையோடு இருக்கிறான். உயிர்க்கணக்கு மூன்று இதயம். போக வேண்டிய கோயில்களில் ஒன்று பனிமலைப் பக்கம் இருக்கிறது. அப்படியே ஏறினால் குளிரில் இதயம் ஒவ்வொன்றாகக் கரையும். என்ன செய்வது என்று ஆட்டம் கட்டளை போடுவதில்லை. காரமான மிளகாயைப் பறித்து, அடுப்பில் இருக்கும் சட்டியில் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டால் சில நிமிடம் குளிர் தாங்கும். தீப்பந்தத்தைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாலும் உடம்பு சூடாக இருக்கும். அங்கே வாழும் கிழவருக்குப் பிடித்த பதார்த்தத்தைச் சமைத்துக் கொடுத்தால் கதகதப்பான மேலாடை ஒன்றைத் தருவார். எதுவும் வேண்டாம் என்றால், ஆப்பிள்களை மடியில் கட்டிக்கொண்டு, இதயம் குறையக் குறையத் தின்றபடியே ஓடிவிடலாம். நான்கும் செல்லும். எதைச் செய்தவரும் தாமே கண்டுபிடித்தோம் என்ற திருப்தியோடு மலையிலிருந்து இறங்குவார்.

விதி எல்லோருக்கும் ஒன்று என்பதுதான் இதில் முக்கியம். காய்ந்த புல்லில் தீ பிடித்தால் எதிரியும் வேகும், லிங்க்கும் வேகுவான். அந்தத் தீயிலிருந்து மேலெழும் சூட்டுக் காற்றில் பாராகிளைடரை விரித்தால் வானத்துக்குத் தூக்கும். இடி மழையில் உலோக வாளோ கேடயமோ முதுகில் இருந்தால் பொறி பறக்கத் தொடங்கும். உடனே கழற்றாவிட்டால் மின்னல் தலையில் இறங்கும். அதே வாளை எதிரிகளின் நடுவே வீசிவிட்டு ஓடியவருக்கு மின்னலே கூலியில்லாத ஆளாக வேலை செய்து கொடுக்கும். எரிமலைப் பக்கம் போனால் முதுகில் இருக்கும் மரக் கேடயம் தானாகவே தீப்பிடிக்கிறது, வெடி அம்பை எடுத்தால் கையிலேயே வெடிக்கிறது. மின்சாரப் புதிர் உள்ள கோயிலில் தேவையான உலோகக் குண்டைத் தேடாமல், தரையில் வாளையும் கோடரியையும் வரிசையாகப் போட்டுச் சுற்றை முடித்துவிட்டாலும் கதவு திறக்கும். புதிரை வடிவமைத்தவர் நினைத்த விடை அதுவல்ல. இருந்தாலும் ஆட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது.

சுதந்திரம் என்ற சொல்லை அநேகமாக எல்லாப் பெரிய ஆட்டங்களும் பெட்டியின் மேல் அச்சடிக்கின்றன. இங்கே அதற்குச் சோதனை எளிது: மேட்டுநிலத்தை விட்டு இறங்கிய உடனேயே, மற்ற எதையும் தொடாமல், கடைசி எதிரி கானன் இருக்கும் கோட்டைக்குப் போகலாம். பெரும்பாலானோர் அங்கே நொடியில் சாவார்கள். ஆனால் வழியை அடைத்து வைக்கவில்லை. 120 சிறு கோயில்கள், நான்கு பெரிய இயந்திர மிருகங்கள், மறைத்து வைத்த 900 கோரோக் விதைகள் ஆகிய எல்லாமே அந்தச் சண்டைக்கான தயாரிப்புதான். எவ்வளவு தயாரிப்பு வேண்டும் என்பதை ஆடுபவரே தீர்மானிக்கிறார். 900 என்பது அளவுக்கு மிஞ்சிய எண்ணிக்கை. எல்லாவற்றையும் பொறுக்கியே தீருவேன் என்று கிளம்புபவருக்கு ஆட்டம் பொறுப்பல்ல.

குறைகள் சின்னவை அல்ல. ஆயுதங்கள் சீக்கிரம் உடைகின்றன. கிடைத்ததை எடுத்து அடிக்கவும், எதிரியின் தடியைப் பிடுங்கவும் இது தூண்டுகிறது என்பது நியாயம்தான். ஆனால் நல்ல வாள் கிடைத்தால் பயன்படுத்தப் பயந்து மூட்டையிலேயே வைத்திருக்கும் பழக்கமும் அதனாலேயே வருகிறது. மழை பெய்தால் பாறை வழுக்கும். பாதி மலை ஏறியபின் மழை வந்துவிட்டால் பொந்து தேடி உட்கார்ந்திருப்பதைத் தவிர வழியில்லை. 2023இல் வந்த தொடர்ச்சியான ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ வழுக்கலைக் குறைக்கும் உடை ஒன்றைச் சேர்த்தது. புகார் நிண்டெண்டோவின் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். சமைத்த பதார்த்தங்களின் செய்முறையைக் குறித்து வைக்க இடமில்லை, அதையும் தொடர்ச்சியில்தான் சரிசெய்தார்கள். நான்கு இயந்திர மிருகங்களும் உள்ளே ஒரே சாயல், அவற்றின் காவலர்களும் அப்படியே. ஆங்கிலக் குரல் நடிப்பு பல இடங்களில் பள்ளி நாடகத் தரம். கதை, ஷீக்கா ஸ்லேட் என்ற கருவியில் உள்ள 12 படங்களின் இடங்களைத் தேடிப்போய் நினைவுகளாகப் பொறுக்க வேண்டிய துண்டுகளாகக் கிடக்கிறது. கதைக்காக ஆடுபவருக்கு வயிறு நிறையாது. இசை வேறு விஷயம். நடக்கும்போது எப்போதோ விழும் பியானோச் சுரங்களை விட்டால் காற்றும் பூச்சியின் இரைச்சலும்தான், அந்த நிலத்துக்கு அதுவே சரி.

கடைசியாக, ஒரே கம்பெனியின் கன்சோலுக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு. இதில் மூன்று வகை உண்டு, மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. எல்லாக் கருவிக்கும் வரக்கூடிய ஆட்டத்தைக் காசு கொடுத்துத் தள்ளி வைப்பது ஒரு வகை: ‘ரைஸ் ஆஃப் த டூம் ரெய்டர்’ 2015இல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது, பிளேஸ்டேஷன்காரர்கள் அடுத்த ஆண்டுவரை காத்திருந்தார்கள். அதனால் ஆட்டத்தின் தரம் ஓர் இம்மிகூட உயரவில்லை. இரண்டாவது வகையில், கன்சோல் கம்பெனி பணம் போடாவிட்டால் ஆட்டமே பிறந்திருக்காது. 2014இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘பயோனெட்டா 2’ அப்படிப்பட்டது. மூன்றாவது வகையில் கருவியைச் செய்பவர்களே ஆட்டத்தையும் செய்கிறார்கள். ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ இந்த வகை. சிப்பின் எல்லை தெரிந்து வரைந்த படம், படுத்துக்கொண்டு ஒரு கோயிலை மட்டும் முடித்துவிட்டு மூடி வைக்கும் அளவுக்கு நறுக்கிய புதிர்கள், கன்சோலையே சாய்த்து வில்லைக் குறிவைக்கும் வசதி எல்லாம் அந்த நெருக்கத்தில் வந்தவை. இதே நெருக்கத்தில் ஒரு தொல்லையும் உண்டு: பந்தை உருட்டும் சில கோயில்களில் கருவியைத் தலைகீழாகப் பிடித்துத் திரையைத் தேட வேண்டியிருக்கிறது.

மற்ற கம்பெனிகள் இந்த வேலியைத் தளர்த்தி வருகின்றன. சோனியின் ‘ஹொரைசன் ஸீரோ டான்’ 2020இலும் ‘காட் ஆஃப் வார்’ 2022இலும் பிசிக்கு வந்தன. மைக்ரோசாஃப்டின் ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ 2025இல் பிளேஸ்டேஷன் 5க்கே போய்விட்டது. நிண்டெண்டோ அசையவில்லை. அதன் ஆட்டங்களின் விலையும் எளிதில் இறங்குவதில்லை. செலவு ஆடுபவர் தலையில்தான்: ஓர் ஆட்டத்துக்காக ஒரு கருவியையே வாங்க வேண்டும். ஸ்விட்ச் வந்த காலத்தில் இந்தியாவில் நிண்டெண்டோவுக்கு நேரடி விற்பனை இல்லாததால் இங்கே புழங்கியது இறக்குமதிச் சரக்குதான். வாங்குபவர் வாரண்டியை யார் தருவார் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

எதை வாங்குவது? 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தபோது இந்த ஆட்டத்தின் புதிய பதிப்பும் வந்தது. நொடிக்கு 60 பிரேம், கூர்மையான படம். கோரோக் காட்டில் இழுத்த நடை இப்போது இழுப்பதில்லை. பழைய ஆட்டம் கையில் இருப்பவர் சிறிய தொகை கட்டி இந்தப் பதிப்புக்கு மாறலாம். கூடுதல் பகுதிகள் அடங்கிய எக்ஸ்பேன்ஷன் பாஸ் இதிலும் சேராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். ஸ்விட்ச் 2 வைத்திருப்பவருக்கு இதுவே சரியான பதிப்பு. இன்னும் கன்சோலே வாங்காதவர், நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்விட்சும் ஒரு செகண்ட் ஹேண்ட் கார்ட்ரிட்ஜும் கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை. அந்தக் காட்டைத் தவிர வேறெங்கும் பெரிதாக எதையும் இழக்க மாட்டார்.