அணையாத காந்தம்

மருத்துவமனைக்குள் நோயாளியை இடம் மாற்றும்போது விபத்து நேர்ந்தால், "ஊழியரின் கவனக்குறைவே காரணம்" என்று கூறி முடித்துவிடுகிறோம். இவ்விளக்கம் போதுமானதா? இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

2001-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்தான். அவனுக்கு ஆக்சிஜன் தேவைப்படவே, சிலிண்டர் ஒன்று அறைக்குள் கொண்டுவரப்பட்டது. கருவியின் காந்தம் இழுத்ததால் அது பாய்ந்து சென்று மோதியது, சிறுவன் இறந்தான். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு நோயாளியின் உறவினர் ஆக்சிஜன் சிலிண்டருடன் இத்தகைய அறைக்குள் நுழைந்தார். காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்துக்கொண்டது; அவரும் உயிரிழந்தார். கருவி அணைக்கப்பட்டிருப்பதாக ஊழியர் கூறியதை நம்பியே அவர் உள்ளே சென்றார் என்று குடும்பத்தினர் தெரிவித்தனர்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? மின்னோட்டத்தை நிறுத்தினால் மின்காந்தம் தன் காந்தத் தன்மையை இழக்கும் என்று பள்ளியில் கற்பிக்கிறோம். ஆணியில் கம்பியைச் சுற்றிச் செய்யும் சோதனைக்கு அது சரி. ஆனால், பெரும்பாலான எம்.ஆர்.ஐ. கருவிகளில் உள்ளது மீக்கடத்திச் சுருள். திரவ ஹீலியத்தால் சுமார் −269° செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்ட அச்சுருளில் மின்தடையே இல்லை. ஒருமுறை செலுத்திய மின்னோட்டம், வெளியிலிருந்து மின்சாரம் வராவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே படம் எடுக்காத வேளையிலும், நள்ளிரவிலும், மின்வெட்டின்போதும் காந்தம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

அதன் வலிமை பல கருவிகளில் 1.5 டெஸ்லா, அதாவது புவியின் காந்தப் புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. வாசலில் இழுப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சில அடிகளுக்குள் புலம் மிக விரைவாக உயர்வதால், எஃகு சிலிண்டரைக் கையால் பிடித்து நிறுத்த முடியாத அளவுக்கு விசை தோன்றிவிடும்.

"வாசலில் எச்சரிக்கைப் பலகை உண்டே" என்பர் சிலர். மூச்சுத் திணறும் நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு விரைபவர் நின்று பலகையைப் படிப்பாரா? சிலிண்டரை வெளியே விட்டுவிடு என்றும் அவரிடம் சொல்ல முடியாது. நோயாளியின் உயிர் அதை நம்பியே இருக்கிறது. காந்தம் இழுக்காத ஸ்ட்ரெச்சருக்கு வாசலிலேயே நோயாளியை மாற்றவும், உள்ளே சுவர்க் குழாயிலிருந்து ஆக்சிஜன் கொடுக்கவும் ஏற்பாடு வேண்டும். பயிற்சியும் டாக்டர்களோடு நின்றுவிடாமல் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்வரை எட்ட வேண்டும். இவற்றைச் செய்யாமல் ஊழியரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று.

நம் பாடநூல்களும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்: எல்லா மின்காந்தங்களும் ஸ்விட்சை அணைத்தவுடன் அணைந்துவிடுவதில்லை.