கடைக்குத் திரும்பிய படைவீரன்

முதல் உலகப் போரில் இளமையைத் தொலைத்தவர்களை மேனாட்டார் ‘இழந்த தலைமுறை’ என்றனர். அச்சொல் கெர்ட்ரூட் ஸ்டைன் வாய்மொழியாக வந்தது. 1926-இல் தம் நாவலின் முகப்பில் பொறித்து உலகறியச் செய்தவர் ஹெமிங்வே. போரினின்று மீண்டவர்கள் பழைய வாழ்வில் பொருந்த மாட்டாமல் தவிப்பதை ஜெர்மானியரான ரெமார்க் 1931-இல் வெளிவந்த நாவலில் எழுதினார். தமிழருள் அத்தகைய தலைமுறை உண்டா என வினவுவோர்க்கு விடையாக நிற்பவை ப. சிங்காரத்தின் இரு நாவல்கள்: 1959-இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’, 1972-இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’.

சிங்காரம் (1920–1997) சிங்கம்புணரியில் பிறந்து, இளவயதிலேயே சுமத்ராவின் மேடான் நகருக்குக் கடைவேலைக்குச் சென்றவர். அவர் படைத்த மாந்தர் வட்டிக்கடைகளில் பேரேடு எழுதியவர்கள். பெட்டியடியாய்ப் புகுந்து அடுத்தாளாய் உயர்ந்து, என்றேனும் தனிக்கடை வைப்போம் என நம்பியவர்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அசைக்கவொண்ணாதெனக் கருதிய வெள்ளையர் ஆட்சி எழுபது நாளில் சரிந்ததைக் கண்ட இளைஞன், அதன்பின் எதனை நிலையானதென்று நம்புவான்? 1943-இல் நேதாஜி வந்தபோது பேரேட்டை மூடிவிட்டுத் துப்பாக்கி ஏந்தியவர் பலர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. வாழைமரம் அச்சிட்ட நோட்டுகள் வெற்றுத் தாளாயின. படையும் கலைந்தது.

‘புயலிலே ஒரு தோணி’யையே திறனாய்வாளர் பெரிதும் போற்றுவர். போற்றுதற்குரியதே. மேடான் தெருக்களும், கடலில் தோணி படும் பாடும் தமிழ் உரைநடையில் அதற்கு முன் காணாதவை. நம் பழம்பெருமைப் பேச்சைப் பாண்டியன் எள்ளி நகையாடும் பக்கங்களை, ஆண்டுதோறும் மேடையமைத்து அப்பெருமையைப் பேசும் நம் போன்ற சங்கத்தார் ஒருமுறையேனும் உரக்கப் படிக்க வேண்டும், சற்றுச் சுடும். எனினும் பாண்டியன் வீரன். இந்திய விடுதலைக்கென எடுத்த துப்பாக்கியைப் பின்னர் இந்தோனேசியர்க்காக டச்சுக்காரர் மீது திருப்புகிறான். ஊர் திரும்பாமலே மடிகிறான். சாவு அவனுக்கு ஒரு முடிவைத் தந்துவிடுகிறது.

‘கடலுக்கு அப்பால்’ செல்லையாவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவன் உயிரோடு பினாங்குக் கடைக்கு மீள்கிறான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதம் அவனை விரும்புகிறாள். அவரோ, படைக்குப் போனவன் கடைத்தொழிலுக்கு ஆகமாட்டான் என்று முடிவு கட்டுகிறார். இங்கேதான் சிங்காரத்தின் கை தேர்ந்தது என்போம். பிள்ளை கொடியவரல்லர், உழைப்பும் சிக்கனமும் பணிவும் கொண்டு தொழிலை வளர்த்தவர். துணிவு என்பது அவர் பேரேட்டில் பற்று வரியில் எழுதப்படுவது. கோப்புகளிடையே இருபதாண்டு கழித்த எமக்கு அவருடைய கணக்கு அந்நியமன்று. தலைநிமிர்ந்து நடப்பவனை எந்த அலுவலகந்தான் விரும்புகிறது? எனவே, ஏமாற்றத்தின் ஆழத்தை அளப்பதில் சிறிய நாவலே பெரியதை விஞ்சுகிறது என்பது எம் துணிபு.

குறைகளும் உள. மரகதத்துக்குக் கண்ணீர் கிடைத்த அளவு பேச்சுக் கிடைக்கவில்லை. சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு ஆயிரக்கணக்கில் மாண்ட தோட்டத் தொழிலாளரின் வாழ்வு கடைக்காரர் உலகுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. தொலைந்த தலைமுறையில் பெரும்பகுதி அவர்களே. நாவலின் இறுதியில் நண்பன் மாணிக்கம் சொல்லும் ஆறுதல் செவிக்கு இனிது. செல்லையாவை அது தேற்றியதாக எமக்குத் தோன்றவில்லை, ஆசிரியருக்கும் தோன்றியிராது.