இடம் தேர்ந்த திறம்: தரங்கம்பாடியும் பினாங்கும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, வங்கக் கடலின் இரு புறத்தும் உயிர் கொண்டது. பினாங்கு மாநிலத்தில் மாண்டோர் 52 பேர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டோர் 6,000க்கும் மேற்பட்டோர். நாகையிற் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கியோரின் வழிவந்தவர் பலர் வாழும் தீவு இது. ஆதலின் இரு கரையின் துயரும் இங்கு ஒரு துயராகவே உணரப்பட்டது. அலை வடிந்தபின் எழுந்த வினாவும் ஒன்றே: அழிந்ததை மீண்டும் எங்கே எழுப்புவது?

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. இந்திரவிழா மறக்கப்பட்டதால் புகார் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறுகிறது. அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் புகாரை விட்டு நீங்கிக் காஞ்சி சேர்கின்றனர். வஞ்சியில் இச்செய்தியைக் கேட்ட மணிமேகலை தானும் காஞ்சிக்கே செல்கிறாள். காஞ்சி அப்பொழுது செழித்திருந்த நகரன்று. மழை பொய்த்து வற்கடம் உற்ற நகர். அமுதசுரபிக்கு அங்கே வேலை இருந்தது. அறத்தொண்டர் இடம் தேர்வதற்குச் சாத்தனார் காட்டும் அளவுகோல் இதுவே: இடத்தின் பாதுகாப்பு அன்று, அங்குள்ளோரின் தேவை. வேறு நாட்டிலிருந்து வந்த கிறித்தவத் தொண்டர்களையும் இவ்வளவுகோலால் அளத்தல் தகும். தொண்டு என்பதே அவர்களும் தம் பணிக்கு இட்ட பெயர் அன்றோ?

புகாருக்குத் தெற்கே, அதே கரையில் உள்ளது தரங்கம்பாடி. 1706 சூலை 9ஆம் நாள் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எருசலேம் என்னும் சிறு கோயிலைத் தமிழ்க் கிறித்தவர்க்கென எழுப்பினார். 1715இல் அது கடலுக்கு இரையாயிற்று என்பர். அவர் அக்காலத்து ஐரோப்பாவில் இருந்தார். 1716இல் திரும்பியபின், 1717 பிப்ரவரியில் புதிய கோயிலுக்குக் கால்கோள் செய்யப்பட்டது. 1718 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. பெயர் புதிய எருசலேம். இடம் மன்னர் தெரு.

இவ்விட மாற்றத்திற்கு இன்று எளிதாகக் கூறப்படும் காரணம், கடலுக்கு அஞ்சி உள்ளே வந்தனர் என்பதாகும். 2004க்குப் பின் எழுதுவோர் சிலர் 1715இல் நிகழ்ந்ததைச் சுனாமி என்றே எழுதிவிடுகின்றனர். இது ஆராய்தற்குரியது. ஆழிப்பேரலை என்றால் அதற்குரிய நிலநடுக்கம் காட்டப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகைப் புயலும் ஓயாத கடலரிப்புமோ சோழமண்டலக் கரையின் இயல்பு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டையொட்டி எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்புறத்தை அதே ஊரில் கடல் சிறுகச் சிறுகத் தின்றிருப்பது கண்கூடு. இது வெறும் பெயர் வழக்கு அன்று. அரிப்புக்குச் சில நூறு அடி விலகினால் போதும், பேரலைக்குப் போதாது. மன்னர் தெருவோ கடற்கரையை நோக்கியே செல்லும் தெரு. அச்சமே காரணமாயின், அதனினும் தொலைவான இடத்தையன்றோ அவர்கள் நாடியிருப்பர்?

ஆகவே வேறு காரணம் தேடவேண்டும். மன்னர் தெரு ஆட்சியாளரின் தெரு. தேனியர் வழிபடும் சீயோன் கோயில் 1701 முதல் அங்கே நின்றது. புதிய கோயிலின் முகப்பில் தேனிய மன்னன் நான்காம் பிரெடரிக்கின் முடியும் பெயரெழுத்தும் 1718 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வூர்த் தேனிய ஆளுநர் 1708இல் சீகன்பால்குவைச் சிறையிலிட்டு நான்கு திங்கள் வைத்திருந்தார். அவ்வாறு வதைபட்டவர், பத்தாண்டில் அந்த ஆட்சியின் தெருவிலேயே தமிழ்ச் சபைக்கு ஒரு பெருங்கோயில் எடுத்தது சிறு செயலன்று. ஆள்வோரின் கோயில் நின்ற தெருவில் ஆளப்படுவோரின் கோயிலும் தலைநிமிர்ந்தது. இது அத்தேர்வின் பெருமை.

அதன் குறையும் அங்கேயே உள்ளது. அதே கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் அமரும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் நிலவியது. கடல் பழைய கோயிலை அழித்தபோது எல்லாவற்றையும் புதிதாக வகுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. சுவர் புதிதாயிற்று, அமரும் முறை பழையதாகவே இருந்தது. கோயில் எங்கே நிற்க வேண்டும் என்று சிந்தித்த அளவுக்கு, உள்ளே யார் எங்கே அமர வேண்டும் என்று சிந்திக்கப்படவில்லை. 1719இல் மறைந்த சீகன்பால்கு அக்கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர்தம் தமிழ்த் தொண்டை மதிப்போரும் இக்குறையை மறைக்க வேண்டுவதில்லை.

பினாங்கு இதற்கு ஒரு மாற்றெடுத்துக்காட்டுத் தருகிறது. அதன் காரணம் இயற்கைப் பேரிடரன்று, போர்; எனினும் வினா அதுவே. ஆசிய இளைஞரைக் குருமாராக்கும் பொருட்டுப் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரிமார் 1665இல் சயாமின் அயோத்தியாவில் ஒரு கல்லூரி நிறுவினர். பர்மியப் படையெடுப்பால் 1760களில் அது ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, 1770இல் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தை அடைந்தது. புதுச்சேரி அவர்தம் நாட்டவர் கொடி பறந்த ஊர். உறவும் உதவியும் அருகில் இருந்தன. ஆனால் சீனத்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் மாணவர் வந்து சேர்வதற்கு அது மிகத் தொலைவு. கல்லூரி அங்கே நிலைக்கவில்லை. 1808இல் அது மீண்டும் தொடங்கப்பெற்றது பினாங்கில். இது ஆங்கிலேயர் ஆண்ட தீவு. எனினும் கீழ்த்திசைக் கப்பல்கள் வந்து தங்கும் துறை. மாணவர் வரக்கூடிய இடமே கல்லூரிக்கு உரிய இடம் என்பது இத்தேர்வின் பொருள். புலாவ் தீக்குசில் நெடுங்காலம் இயங்கிய அக்கல்லூரி இன்று தஞ்சோங் பூங்காவில் உள்ளது. இரு நூற்றாண்டு நிலைத்ததே அத்தேர்வுக்குச் சான்று.

இவ்விரண்டையும் கொண்டு 2004க்குப் பிந்திய முயற்சிகளை நோக்கலாம். தமிழ்நாட்டரசு 30-3-2005 அன்று பிறப்பித்த 172ஆம் எண் அரசாணை, கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தவர்கள் விரும்பினால் அப்பால் புதுவீடு பெறலாம் என்றது. விரும்பாதவர் இருந்த இடத்திலேயே தம் வீட்டைச் செப்பனிட்டுக்கொள்ளலாம், ஆனால் உதவி இல்லை. விருப்பம் என்னும் சொல் ஆணையில் இருந்தது. விரும்பாமைக்கு விலையும் இருந்தது. கிறித்தவத் தொண்டு அமைப்புகளும் பிற அமைப்புகளும் இவ்வரம்புக்குள்ளேயே வீடு கட்ட முன்வந்தன. அவர்தம் ஈகை ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் மீனவர்க்குக் கரை என்பது வாழுமிடம் மட்டுமன்று. கட்டுமரம் ஏற்றுவதும், வலை உலர்த்துவதும், காற்றின் போக்கையும் நீரின் நிறத்தையும் பார்த்துக் கடலுக்குப் போவதா வேண்டாவா என்று தெளிவதும் அங்கேதான். தாம் விட்டு நீங்கும் கரை பிறர் கைக்குப் போய்விடும் என்ற அச்சமும் அவர்க்கு இருந்தது. அலையிலிருந்து காக்கும் தொலைவே பிழைப்பிலிருந்து பிரிக்கும் தொலைவும் ஆகலாம். இவற்றுள் எதனை ஏற்பது என்று முடிவு செய்யும் உரிமை, அங்கே வாழப்போகிறவர்க்கே முதலில் உரியது.

ஒரு கோயிலைப் பற்றி எழுதும்போது, கட்டிய ஆண்டும் கட்டியவர் பெயரும் எளிதில் இடம்பெறுகின்றன. யாரைக் கேட்டு அந்த இடம் குறிக்கப்பட்டது என்பது எழுதப்படுவதில்லை. தரங்கம்பாடியில் ஆட்சிக்கு அண்மை தேர்ந்தெடுக்கப்பட்டது. பினாங்கில் மாணவர்க்கு அண்மை தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டும் நிலைத்தன. ஆயினும் காஞ்சிக்குப் போன மணிமேகலையின் அளவுகோலால் அளக்குங்கால், பினாங்குத் தேர்வே அதனை நெருங்கி நிற்கிறது.