இடது கையும் மூன்று தீர்ப்பும்

குத்துச்சண்டையில் ஒருவன் விழுந்து, நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்திருக்காமல் போய்விட்டால், ரசிகனுக்கு அங்கே வேலை அநேகமாகத் தீர்ந்துவிடுகிறது; பிரத்தியட்சமாகக் கண்ணெதிரே நடந்துவிட்டதைப் பற்றி வாதிக்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு சுற்றுகளையும் இருவரும் நின்றே முடித்து, கடைசி மணியும் அடித்து, மேடையின் மூன்று பக்கங்களில் உட்கார்ந்திருந்த மூன்று தீர்ப்பாளர்களின் தாள்களை வாங்கி யாரோ கூட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிஷங்களில்தான் தேர்ந்த ரசிகன் நிமிர்ந்து உட்காருகிறான். அவன் மனத்திலும் ஒரு தாள் உண்டு. அதுவும் அந்த மூன்று தாள்களும் ஒத்துப்போகாத இரவுகளே வெகுகாலம் பேசப்படுகின்றன. அப்படிப் பேசுவதில் பிலிப்பைன்ஸ் தேசத்து ரசிகர்களை மிஞ்சியவர்கள் இல்லை என்றே சொல்ல வேண்டும். லாஸ் வேகாஸில் சனிக்கிழமை இரவு என்றால் மணிலாவில் ஞாயிற்றுக்கிழமை பகல். அத்தேசத்து வீரர் மேனி பாக்கியாவ் மேடை ஏறிய ஞாயிறுகளில் அந்நகரத்து வீதிகள் வெறிச்சோடிப் போக, கூடைப்பந்து மைதானங்களிலும் பொது மண்டபங்களிலும் திரை கட்டி ஜனங்கள் கூடியிருந்து பார்த்துவிட்டு, அதற்கப்புறம் மாதக்கணக்கில் அதே சண்டையைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து அலசிக்கொண்டிருப்பார்கள்.

விதி என்னவோ எளியதுதான். ஒவ்வொரு சுற்றிலும் மேலாகச் சண்டையிட்டவனுக்குப் பத்து, மற்றவனுக்கு ஒன்பது. ஒருமுறை கீழே விழுந்தால் எட்டு, இருமுறை விழுந்தால் ஏழு என்று குறைந்துகொண்டே போகும். மேலான சண்டை எது என்பதற்கு நான்கு லக்ஷணங்களும் வகுத்திருக்கிறார்கள்: குத்து சுத்தமாகப் பட்டதா, முன்னேறித் தாக்கியதில் பயன் விளைந்ததா, களத்தைத் தன் இஷ்டப்படி நடத்தியவன் யார், தற்காப்பு எப்படி இருந்தது. ஆனால் இந்த நான்கையும் எந்த விகிதத்தில் கலந்து பார்க்க வேண்டும் என்பதற்குத் திட்டமான அளவு கிடையாது. அந்த இடைவெளியில்தான் அபிப்பிராய பேதம் குடிபுகுகிறது. ஒரே ராக ஆலாபனையைக் கேட்டுவிட்டு, பொழிந்து தள்ளிய பிருகாக்களைக் கொண்டாடுகிறவரும், ஒரே ஒரு கார்வையில் நின்ற அழகைக் கொண்டாடுகிறவரும் சபா வாசலில் மல்லுக்கு நிற்பார்களே, அந்த ஜாதியைச் சேர்ந்த வாதம் இது. இருவர் காதிலும் பழுதில்லை.

இதற்கு உதாரணம் ஒன்றே ஒன்று கேட்டால், 2004 மே 8ஆம் தேதி லாஸ் வேகாஸில் பாக்கியாவுக்கும் மெக்ஸிகோவின் ஹுவான் மானுவல் மார்க்கெஸுக்கும் நடந்த முதல் சண்டையைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன். முதல் சுற்றிலேயே பாக்கியாவின் இடது கை மார்க்கெஸை மூன்று முறை தரையில் உட்கார வைத்தது. மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக அவர் எழுந்து நின்றபோது, இன்னும் ஒரு நிமிஷம் தாங்குவாரா என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். தாங்கினார், தாங்கியதோடு நில்லாமல், அந்த இடது கை எந்த வழியாக வருகிறது, வருவதற்கு முன் தோள் எப்படி அசைகிறது என்பதைப் பாடமாகவே படித்துக்கொண்டு, அடுத்த சுற்றுகளில் அது வந்த வழியிலேயே தம் வலது கையைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார். முடிவு சமன். ஒருவர் மார்க்கெஸுக்கு 115-110, இன்னொருவர் பாக்கியாவுக்கு 115-110, மூன்றாமவர் 113-113.

இந்த எண்களைப் பிரித்துப் பார்க்கிற சுகம் ரசிகனுக்கே உரியது. முதல் சுற்றில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மிச்சம் இருப்பவை பதினோரு சுற்றுகள். கூட்டிக் கழித்தால், மார்க்கெஸ் ஜெயித்ததாக எழுதியவர் அந்தப் பதினொன்றில் பத்தை அவருக்கே கொடுத்திருக்கிறார். பாக்கியாவ் ஜெயித்ததாக எழுதியவர் ஐந்தைத்தான் கொடுத்திருக்கிறார். சமன் என்ற பர்ட் கிளெமெண்ட்ஸ் ஏழு கொடுத்திருக்கிறார். ஒரே மேடை, ஒரே விளக்கு, பயிற்சி பெற்ற மூன்று ஜோடிக் கண்கள். பத்து, ஏழு, ஐந்து! போதாக்குறைக்கு, மூன்று வீழ்ச்சிகள் நேர்ந்த முதல் சுற்றை 10-6 என்று எழுதாமல் 10-7 என்று எழுதிவிட்டதாகக் கிளெமெண்ட்ஸ் பிற்பாடு ஒப்புக்கொண்டார். அந்த ஒரு புள்ளி சரியாக விழுந்திருந்தால் பாக்கியாவ் ஜெயித்திருப்பார். என் சொந்தக் கணக்கும் ஏழுதான். சுற்றுகளில் பெரும்பாலானவற்றை மார்க்கெஸ் வென்றார், சண்டையைப் பாக்கியாவ் வென்றார் என்று சொன்னால் முரணாகத் தோன்றலாம். பத்துக்கு ஒன்பது என்ற இந்தக் கணித சாஸ்திரத்தில் அது முரணே அல்ல.

சர்ச்சை ஏன் குறிப்பாகப் பாக்கியாவைச் சுற்றிச் சுற்றி வந்தது என்பதை அவருடைய கலையை வைத்தே சொல்லலாம். வலது கைக்காரன் இடது காலை முன்வைத்து நிற்கிறான். இடது கைக்காரரான பாக்கியாவ் வலது காலை முன்வைக்கிறார். ஆகவே இருவரும் எதிர்ப்படும்போது முன்கால்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகி நிற்க, தன் காலை மற்றவன் காலுக்கு வெளிப்புறமாக வைத்துவிடுகிறவனுக்கே வழி திறக்கிறது. பாக்கியாவ் வலது கையால் இரண்டு சிறு குத்துகளை வீசி எதிரியின் கண்ணை மறைக்கும் அந்த க்ஷணத்தில், அவருடைய வலது பாதம் ஒரு சாண் வெளியே நகர்ந்திருக்கும். இடது கை நடுவழியே நேராகப் போய் முடியும்போது உடம்பு எதிரியின் பக்கவாட்டுக்கு வந்துவிட்டிருக்கும். எதிரி திரும்புவதற்குள் அங்கிருந்து இன்னும் இரண்டு குத்துகள். மார்க்கெஸின் வித்தையோ நேர் எதிரானது: இரண்டாவது சிறு குத்து வரும் வரையில் காத்திருந்து, அரை அடி பின்வாங்கி, அதன் உட்புறமாக வலது கையைச் செலுத்துவது. பொழிவதைப் பெரிதாக நினைக்கும் தீர்ப்பாளருக்கு முன்னவர், பொறுத்திருந்து திருத்தமாகக் குத்துவதைப் பெரிதாக நினைப்பவருக்குப் பின்னவர். 2008இலும் 2011இலும் சண்டை தீர்ப்பாளர் கைக்கே போயிற்று. இருமுறையும் பாக்கியாவ் வென்றார், இருமுறையும் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை. 2012 டிசம்பர் 8ஆம் தேதி, ஆறாவது சுற்று முடிய ஒரு விநாடி இருக்கையில், முன்னே பாய்ந்த பாக்கியாவை மார்க்கெஸின் வலது கை முகங்குப்புற வீழ்த்தியபோதுதான் யாருடைய தாளும் தேவைப்படாமல் போயிற்று.

அதே ஆண்டு ஜூனில் பாக்கியாவுக்கு எதிராக டிமதி பிராட்லிக்குக் கொடுக்கப்பட்ட வெற்றியைப் பற்றி நெடுக எழுத எனக்கு விருப்பமில்லை. அதில் ரசனைக்கு இடமில்லை. இருவர் பிராட்லிக்கு 115-113 என்றார்கள், ஒருவர் பாக்கியாவுக்கு 115-113 என்றார். உலகக் குத்துச்சண்டை அமைப்பு பிற்பாடு ஐந்து பேரை வைத்து மறுபடி பார்க்கச் செய்தபோது ஐவரும் பாக்கியாவுக்கே கொடுத்தார்கள், ஆனாலும் முடிவு மாறவில்லை. 2017இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜெஃப் ஹார்னிடம் நேர்ந்த தோல்வி வேறு விதம். ஒன்பதாவது சுற்றில் ஹார்ன் தள்ளாடிப்போய், சண்டையை நிறுத்திவிடுவேன் என்று நடுவரே எச்சரிக்கும் நிலைக்கு வந்தார். அந்த ஒரு சுற்றின் பிரமாதம் மற்றச் சுற்றுகளின் நினைவை அழித்துவிட்டது. ஆனால் எவ்வளவு பெரிய சுற்றானாலும் அது ஒரு சுற்றுதான். அங்கும் மறுபரிசீலனை நடந்தது. வெற்றி ஹார்னுடையதே என்று வந்தது. மணிலாவில் அதை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. நான் ஏற்கிறேன், அரை மனத்தோடு.

இந்த மனத்தாங்கல் பாக்கியாவோடு பிறந்ததல்ல. நீக்ரோஸ் தீவிலிருந்து புறப்பட்ட பாஞ்சோ வில்லா 1923இல் நியூயார்க்கில் ஃபிராங்கி ஜெனாரோவிடம் பதினைந்து சுற்றுத் தீர்ப்பில் தோற்றபோதே பலர் ஆட்சேபித்தார்கள். தோற்றவர் வில்லா என்றாலும் கூட்டம் சேர்ப்பவர் அவரே என்பதால், சில மாதங்களில் உலக சாம்பியன் ஜிம்மி வைல்டை எதிர்க்கும் வாய்ப்பு வில்லாவுக்குக் கிடைத்தது. ஜூன் 18ஆம் தேதி போலோ கிரவுண்ட்ஸில் ஏழாவது சுற்றில் வைல்டை வீழ்த்தி, ஆசியாவிலிருந்து வந்த முதல் உலக சாம்பியன் ஆனார். இரண்டே ஆண்டுகளில், பல் பிடுங்கிய புண் புரையோடி, 23 வயதில் சான் பிரான்சிஸ்கோவில் மாண்டார். அவருக்குப் பின் வந்த பெரியவர் செபுவின் கேப்ரியல் எலோர்டே. 1960 மார்ச் 16இல் மணிலாவை அடுத்த அரனேட்டா அரங்கத்தின் திறப்பு விழாவே அவர் ஹெரால்ட் கோம்ஸை வீழ்த்திப் பட்டம் பெற்ற சண்டைதான். ஏழு ஆண்டுகள் அதைத் தம்மிடமே வைத்திருந்தார். ஒலிம்பிக் மேடையிலும் இதே கதை: 1964இல் டோக்கியோவில் அந்தோனி வில்லானுவேவா மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ரஷ்யரான ஸ்டெபாஷ்கினிடம் தங்கத்தை இழந்தார். 1996இல் அட்லாண்டாவில் ஓன்யோக் வெலாஸ்கோவை பல்கேரியரான பெட்ரோவ் 19-6 என்று வென்றார். ஐவரில் மூவர் ஒரே விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் குத்து கணக்கில் ஏறும் என்ற அந்நாளைய இயந்திரத்தைப் பிலிப்பைன்ஸ் ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

பக்ஷபாதமில்லாத ரசிகன் மற்றப் பக்கத்தையும் எழுதிவைக்க வேண்டும். 2023 ஏப்ரலில் டெக்ஸாஸில் பிலிப்பைன்ஸின் மார்லன் தபாலெஸ் உஸ்பெகிஸ்தானின் அக்மதாலியெவிடமிருந்து இரண்டு பட்டங்களைப் பறித்தபோது, இருவர் தபாலெஸுக்கு 115-113 என்க, மூன்றாமவர் அக்மதாலியெவுக்கு 118-110 என்று எழுதியிருந்தார். அன்றிரவு கொதித்தவர்கள் உஸ்பெக்குகள். 2000ஆம் ஆண்டு அந்திபோலோவில் நெடால் ஹுசைன் பாக்கியாவை வீழ்த்தியபோது, நடுவராக இருந்த கார்லோஸ் பதில்லா எண்ணிக்கையை இழுத்தடித்துத் தம் நாட்டவருக்கு அவகாசம் தந்ததை, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் தாமே வாய்விட்டுச் சொன்னார். புகழ்பெற்ற அலி-ஃபிரேசியர் மணிலாச் சண்டையை நடத்திய அதே பதில்லா! இந்தச் செய்தியை மறைக்கிறவரோடு ஹார்ன் சண்டையைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனமில்லை.

இனி வருங்காலம். 2025 ஜூலையில் 46 வயதுப் பாக்கியாவ் மாரியோ பாரியோஸோடு மோதி, பெரும்பான்மைத் தீர்ப்பில் சமன் பெற்றார். ஜெயித்தது அவரே என்று மறுபடியும் ஒரு சர்ச்சை கிளம்பிற்று. அவரைப் போல எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வாங்கும் இன்னொருவர் எப்போது பிறப்பார் என்று கேட்டுக்கொண்டிருப்பது வீண். ஒலிம்பிக்கில் நெஸ்தி பெத்தேசியோவும், சிறுவயதில் குப்பை பொறுக்கிப் பிழைத்த கார்லோ பாலாமும் டோக்கியோவில் வெள்ளி வாங்கினார்கள். பாரீஸில் பெத்தேசியோவும் ஐரா வில்லேகாஸும் வெண்கலம் வாங்கினார்கள். தங்கம் இன்னும் வந்தபாடில்லை. அந்தப் பக்கத்தில் பெண்களிடமே எனக்கு நம்பிக்கை அதிகம். பெத்தேசியோ நெருங்கி வந்து தோளின் கீழ் நுழைகிற விதத்தில் ஒரு தெளிவு இருக்கிறது.

தொழில்முறைச் சண்டையிலோ பார்வையை ஆகச் சிறிய எடையின் பக்கம் திருப்ப வேண்டும்: 105 பவுண்டு, அதாவது நாற்பத்தேழரைக் கிலோவுக்குச் சற்று மேல். இந்த எடைக்காரர்களுக்கு அமெரிக்காவில் பணமும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. ஆகையால் இந்த எடையின் பிலிப்பைன்ஸ் வீரர்கள் ஜப்பானுக்குப் போய், ஜப்பானியக் கூட்டத்தின் நடுவில், ஜப்பானியச் சாம்பியன்களையே எதிர்க்கிறார்கள். 2024 ஜூலையில் பெத்ரோ தடுரான் அங்கே போய் கின்ஜிரோ ஷிகெயோகாவை ஒன்பதாவது சுற்றில் நிறுத்தினார். அடுத்த ஆண்டு மே மாதம் ஒசாகாவில் நடந்த மறுசண்டை பிளவுபட்ட தீர்ப்பில் தடுரானுக்கே கிடைத்தது. ஆனால் முடிந்தவுடன் ஷிகெயோகா சுருண்டு விழுந்து, மூளையில் சத்திர சிகிச்சைக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்தச் சண்டையில் எந்தச் சுற்று யாருக்கு என்று கணக்குப் போட எனக்குக் கை வரவில்லை.

கின்ஜிரோவின் அண்ணன் யூதாய் ஷிகெயோகாவை மெல்வின் ஜெருசலேம் 2024 மார்ச்சில் நகோயாவில் வென்றதும் பிளவுபட்ட தீர்ப்பில்தான்; இரண்டு முறை கீழே தள்ளியிராவிட்டால் என்ன எழுதியிருப்பார்களோ! ஓராண்டு கழித்து, அதே எதிரியை, மறுபடியும் அவருடைய நாட்டிலேயே எதிர்த்தபோது மூன்று தீர்ப்பாளர்களும் ஒருமனதாக ஜெருசலேமுக்குக் கொடுத்தார்கள். முதல் சண்டையைக் கொண்டாடுகிறவர்கள் அநேகர். பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் இனி எப்படிச் சண்டையிட வேண்டும் என்று என்னைக் கேட்டால், நான் இரண்டாவதையே போட்டுக் காட்டுவேன்.