காற்றில் அசையும் நினைவுச்சின்னம் கரிசலுக்குப் பொருந்துமா?

மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் கோவில்பட்டியைத் தாண்டி ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் கயத்தாறு வருகிறது. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைக் கம்பெனிக்காரர்கள் தூக்கிலிட்ட ஊர். அங்கே 1970-இல் நடிகர் சிவாஜி கணேசன் தம் சொந்தச் செலவில் அவருக்குச் சிலை வைத்தார். பின்னாளில் அரசு மணிமண்டபம் கட்டியது. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைகள்தாம். மத்திய அரசின் காற்றாலைச் சோதனை நிலையம் இருப்பதும் இதே ஊரில். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைப் பக்கத்துக் கணவாய் வழியே நுழையும் மேல்காற்று, வைகாசியில் தொடங்கி ஆவணி வரை இந்தக் கரிசல் வெளியை உலுக்கி எடுக்கிறது. இத்தனை காற்று வீசும் மண்ணில், மாண்டவர்களை நினைக்க நாம் எழுப்பியவை எல்லாம் அசையாமல் நிற்பவை: எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம், பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை, கோவில்பட்டியில் 2022-இல் திறக்கப்பட்ட எழுத்தாளர் கி.ரா. நினைவரங்கம்.

காற்றே இயக்கும் உலோகச் சிற்பத்தைப் பொது நினைவுச்சின்னமாக நிறுத்தும் வழக்கம் உலகில் சில இடங்களில் வேர் பிடித்திருக்கிறது. அதை இங்கே கொண்டுவரலாமா என்பதுதான் கேள்வி. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கத்தின் பலம் நம் வட்டாரத்துக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. அதன் பலவீனங்களோ நம் வட்டாரத்தில்தான் மிக மோசமாக வெளிப்படக்கூடியவை.

வெட்டவெளியில் நிற்கும் எஃகுச் சிற்பத்தைக் காற்றுக்கு அசையும்படி செய்தவர்களில் அமெரிக்கரான ஜார்ஜ் ரிக்கி (1907–2002) முக்கியமானவர். நீண்ட எஃகு அலகுகளுக்கு எதிரெடை வைத்து, இலேசான காற்றுக்கும் மெதுவாகச் சாய்ந்து மீளும்படி அவர் அமைத்தார். நினைவுச்சின்னம் செய்ய வருகிறவர் அவரிடம் கற்க வேண்டியது இந்த நிதானத்தை. வேகமாகச் சுற்றும் தகடு பொருட்காட்சியை நினைவூட்டும். மெல்லச் சாய்ந்து மீள்வதோ பார்ப்பவரைக் கொஞ்சநேரம் நிற்கவைக்கும்.

நினைவுச்சின்னமாகவே எழுந்த ஒன்றையும் பார்க்கலாம். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானங்களில் ஒன்றான 93-ஆம் எண் விமானம் பென்சில்வேனியாவின் ஒரு வயல்வெளியில் விழுந்தது. அதிலிருந்த பயணிகளும் ஊழியர்களுமாக 40 பேரின் நினைவாக 2018 செப்டம்பரில் ‘குரல்களின் கோபுரம்’ அர்ப்பணிக்கப்பட்டது. 93 அடி உயரம். உள்ளே 40 பேருக்கும் ஒவ்வொன்றாக அலுமினியக் குழல்கள். காற்று அடிக்கும்போது ஒவ்வொரு குழலும் தனக்கான சுரத்தில் ஒலிக்கும். அந்தப் பயணிகளில் பலர் கடைசியாகத் தொலைபேசி வழியே வீட்டாரிடம் பேசியவர்கள்; அதனால்தான் குரலை நினைவாக்கினார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே வளாகத்தில் 40 பெயர்களையும் பொறித்த சுவர் தனியாக இருக்கிறது. பெயரைச் சுவரும் துயரைக் காற்றும் சொல்கின்றன. சுவர் இல்லாமல் கோபுரம் மட்டும் நின்றிருந்தால் வழிப்போக்கர் அதை ஓர் அழகான ஒலிக்கருவி என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார். காற்றுச் சிற்பத்துக்கு அசையத் தெரியும். யார் இறந்தார், எதனால் இறந்தார் என்று சொல்லத் தெரியாது. அந்தக் குறையை வடிவமைப்பில் முதல் நாளிலிருந்தே ஈடுசெய்தாக வேண்டும்.

அதன் பெரிய பலமும் இதே குறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: அதற்கு முகம் கிடையாது. தென் மாவட்டங்களில் வாழ்கிறவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தலைவர்களின் சிலைகள் பல இங்கே கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. ஒரு சிலைக்கு அவமதிப்பு நேர்ந்தால் மறுநாள் பேருந்து ஓடாது, கடை திறக்காது, யாரோ ஒருவர் வீடு எரியும். கட்டபொம்மனின் தளபதியான கவர்னகிரி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைக்க முயன்றபோது வெடித்த கலவரத்தில் உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் தலைவர் பெயர்களையும், மாவட்டங்களின் தலைவர் பெயர்களையும் நீக்கியது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனது, வ.உ.சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. ஒரே கோட்டைக்காக உயிர் கொடுத்த அரசனையும் தளபதியையும்கூட ஒன்றாக நினைக்க முடியாத நிலைக்கு நம் நினைவு வழக்கம் வந்து நின்றது. சிலையின் முகத்தில் நாம் முதலில் சாதியைப் படிக்கிறோம் என்பது என்னை வெகுநாளாக வருத்தும் உண்மை. காற்றில் சாயும் எஃகுத் தகட்டில் அப்படிப் படிக்க எதுவும் இல்லை. எந்தத் தெருக்காரரும் அதை எங்கள் ஆள் என்று சொந்தம் கொண்டாட முடியாது, எதிர்த்தெருக்காரர் அதன் மேல் கல்லெறிந்து பழி தீர்க்கவும் முடியாது.

முகமில்லாத நினைவுச்சின்னம் நமக்கு அந்நியம் என்று சிலர் சொல்லக்கூடும். கயத்தாறே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. சிலை வருவதற்கு வெகுகாலம் முன்பு, கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தைக் கடந்து போன சனங்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போட்டு வணங்கிப் போனதாகவும், அந்தக் கற்கள் சேர்ந்து குவியலானதாகவும் இந்தப் பக்கத்தில் சொல்லிவருகிறார்கள். கம்பெனி ஆட்சியில் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்வதே ஆபத்தாக இருந்த காலம். அந்தக் குவியலுக்கு முகமும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. ஆனாலும் அது எதற்கானது என்று ஊருக்குத் தெரியும், ஏனென்றால் ஊரே அதை ஆக்கியது.

காற்றுச் சிற்பம் தோற்கும் இடமும் அதுவே. ஓர் ஒப்பந்ததாரரும் ஒரு கலைஞரும் சேர்ந்து நட்டுவிட்டுப் போகும் எஃகுக் கம்பத்தில் சனங்களின் கை படுவதில்லை. நம் நினைவு கைகளால் நடப்பது: மாலை போடுவது, சூடம் ஏற்றுவது, பீடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. சுழலும் தகட்டுக்கு மாலை போட முடியாது. போட முயன்றால் கை போய்விடும். வேலி போட்டுத்தான் அதை நிறுத்த வேண்டும் என்றால், கூண்டிலிருந்து சிலையை விடுவிக்கப் போய் இன்னொரு கூண்டைக் கட்டியவர்கள் ஆவோம். இதற்கு ஒரு வழி எனக்குத் தெரிகிறது. அசையும் பகுதி ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் தொடங்கட்டும். கீழே அசையாத கல் பீடத்தில் பெயர்களும் ஆண்டும் காரணமும் தமிழில் பொறிக்கப்படட்டும். பீடத்தைச் சுற்றி, வருகிறவர்கள் கல்லோ பூவோ வைக்கத் திறந்த இடம் இருக்கட்டும்.

எங்கே வைப்பது என்பதும் லேசான கேள்வி இல்லை. கயத்தாறு முதலில் தோன்றும். நான் வேண்டாம் என்பேன். வானளாவிய காற்றாலைகளுக்கு நடுவே இருபது அடிச் சிற்பம் ஏதோ ஒரு கம்பெனி தன் வாசலில் வைத்த விளம்பரம் மாதிரித் தெரியும். காற்றாலை இந்த மண்ணில் நிலம் கைமாறிய கதையையும், மின்சாரமும் வருமானமும் வேறெங்கோ போன கதையையும் சேர்த்தே சுமந்து நிற்கிறது. நினைவுச்சின்னம் அந்தக் கதையோடு குழம்பிவிடக் கூடாது. காற்றாலைகள் கண்ணை நிறைக்காத, மரங்களும் கட்டடங்களும் மறைக்காத ஊர் ஓரத்துப் பொட்டல் நல்லது.

அடுத்தது காற்றின் நாள்காட்டி. கரிசலில் காற்று ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. ஆனி, ஆடியில் ஓட்டுக் கூரையைப் பெயர்க்கும். புரட்டாசி கடைசியில் அடங்கும், மழைக்கு வானம் பார்க்கும் காலம் அது. கட்டபொம்மன் நினைவு நாளான அக்டோபர் 16 அந்தப் புழுக்கத்தில்தான் வருகிறது. அமைச்சர் வந்து, மேடை போட்டு, ஊர் கூடி நிற்கும் அன்று சிற்பம் அசையாமல் நிற்க வாய்ப்பு அதிகம். இதையே ஒரு குறையாகச் சொல்லிச் சிற்பத்துக்குள் மோட்டார் வைக்கச் சொல்லும் அதிகாரி கட்டாயம் வருவார். அதற்கு ஒருபோதும் இணங்கக் கூடாது. களத்தில் பொலி தூற்றக் காற்றுக்காக முறத்தோடு காத்துநின்ற சம்சாரிகளின் பிள்ளைகள் நாம். காற்று நம் சொல்படி வராது என்பது இந்த ஊருக்குப் பழகிய சங்கதி. அசையாத நாளிலும் உருவம் முழுமையாகத் தெரியும்படி செய்வதே சிற்பியின் வேலை. பெரும்பாலான காற்றுச் சிற்பங்கள் தோற்பது இங்கேதான்: நின்றுவிட்டால் அவை பழுதான இயந்திரம் போலாகிவிடுகின்றன.

ஆடியில் நேர்மாறான சிக்கல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தகட்டின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். மின்சாரக் காற்றாலை, காற்று வினாடிக்கு 25 மீட்டர் அளவுக்குப் போனால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். சிற்பத்தில் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி கிடையாது. அதிகக் காற்றில் தகடுகள் தாமே காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி, பிடி குறையும்படி வடிவிலேயே அடக்கம் வைக்க வேண்டும்.

கரிசல் மண்ணும் தன் பங்குக்குச் சோதிக்கும். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் கால் இறங்கும் அளவுக்கு வெடிக்கும் மண் இது. மேலோட்டமான அஸ்திவாரத்தில் நட்ட கம்பம் இரண்டு மூன்று மழைக்காலத்தில் சாயும். சாதாரண மண்டபம் சாய்ந்தால் சுவரில் விரிசல் விழும், பூசி மறைக்கலாம். எதிரெடையில் நிற்கும் சிற்பமோ சிறிது சாய்ந்தாலும் சமன் கெட்டு ஒரே பக்கம் முடங்கும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்காகவே அடியில் குமிழ் போல் விரிந்த பைல் அஸ்திவாரத்தைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கியது. ஈரம் ஏறி இறங்கும் மேல் மண்ணைத் தாண்டி, மூன்றரை மீட்டர் அளவு ஆழத்துக்கு இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கூடுதல் செலவு. தவிர்க்கக் கூடாத செலவு. வெட்டவெளியில் தனியாக நிற்கும் உலோகத்துக்கு ஐப்பசி இடியும் மின்னலும் இன்னொரு ஆபத்து. இடிதாங்கி வைத்தால், கரியும் உப்பும் போட்ட அதன் எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

பராமரிப்புதான் என்னை மிகவும் தயங்கவைப்பது. நம் நினைவகங்களுக்கு ஆண்டுக்கொரு முறை, பிறந்தநாளுக்கோ நினைவு நாளுக்கோ முந்தைய வாரம், வெள்ளையடித்துப் பெயின்ட் பூசுவது வழக்கம். அந்த நடைமுறைக்குச் சுவர் தெரியும், பேரிங் தெரியாது. கரிசல் புழுதி பேரிங்குக்குள் புகுந்தால் ஒரே கோடையில் கிரீஸ் கட்டியாகி, சிற்பம் கீச்சிடத் தொடங்கும். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையின் உப்பை எடுக்கச் சில ஆண்டுகளுக்கொரு முறை காகிதக்கூழ் பூசிக் கழுவுகிறார்கள். அந்த அக்கறை பெயர் பெற்ற சின்னத்துக்குக் கிடைக்கிறது, ஊர் ஓரத்துச் சின்னத்துக்குக் கிடைக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஆனால் அரசை மட்டும் நம்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் வொல்லிஸ் சிம்சன் என்றொருவர் இருந்தார். விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் சைப்பான் தீவில் இருந்தபோது, நொறுங்கிய விமானத்தின் பாகங்களை வைத்துத் துணி துவைக்கும் காற்றாடி செய்தவர். பின்னாளில் கழிவு இரும்பில் பெரிய பெரிய காற்றாடிகளைத் தன் பட்டறைக்கு எதிரே நட்டார். 2013-இல் அவர் இறந்தார். அவற்றைப் பழுது நீக்கி வில்சன் நகரம் 2017-இல் ஒரு பூங்காவாகத் திறந்தது. பழுது நீக்கும் வேலை ஆண்டுக் கணக்கில் நீண்டது. இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன: பட்டறைக் கைகளால் இப்படிப்பட்டதைச் செய்ய முடியும், கவனிக்காமல் விட்டால் காற்றே அதைத் தின்றுவிடும். கோவில்பட்டியில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. மில்லுக்கும் தீப்பெட்டி இயந்திரத்துக்கும் உதிரி பாகம் கடைந்து பழகிய கைகள் இங்கே உண்டு. வெளியூர்ப் பேரிங்கும் இறக்குமதி உலோகமும் வேண்டிய சிற்பத்தை ஒதுக்கிவிட்டு, டிராக்டருக்குக் கிடைக்கிற அளவு பேரிங்கில் ஓடும் சிற்பத்தைக் கேட்போம். இரும்புக்கும் பஞ்சமில்லை. பழைய காற்றாலைகளை மாற்றிப் புதியவை நிறுவத் தமிழக அரசு 2024-இல் கொள்கை வகுத்திருக்கிறது. கழற்றிய கோபுரங்களின் எஃகு எடைக்குத்தான் போகும். இறக்கைகளைத் தொட வேண்டாம். அவை இழைக்கண்ணாடிக் கலவை, உருக்கவும் முடியாது, வெட்டினால் தூசி நுரையீரலுக்குக் கேடு.

யாருக்கு வைப்பது? எட்டயபுரத்தில் 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டி 1947-இல் திறந்த பாரதி மண்டபம், கல்கி பத்திரிகை வழியே வாசகர்களிடம் திரட்டிய பணத்தில் எழுந்தது. பாரதிக்கு அப்படி ஒரு கல்கி கிடைத்தார். இந்தக் கரிசல் பூமியின் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் தீயில் மாண்டவர்களுக்கு, அவர்களில் நிறையப் பேர் பெண்கள், யாரும் கிடைக்கவில்லை. அவர்களுக்குச் சிலை வைக்க ஒரு கட்சிக்கோ சங்கத்துக்கோ தேவை எழவில்லை. ஒரு முகத்தில் அடங்காத கூட்டத்துக்கு முகமில்லாத சின்னமே பொருத்தம் என்பது என் துணிவு. ஒரு நெருடலையும் மறைக்கக் கூடாது: காற்று தீயைப் பரப்புவது. தீயில் பிள்ளையைக் கொடுத்த தாய்க்குக் காற்றாடியைக் காட்டலாமா என்று அந்தக் குடும்பங்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

சரி என்றால் உயரம் இரண்டு மாடிக்கு மேல் வேண்டாம். ஒரு பட்டறைப் பையன் ஏணி வைத்து ஏறிக் கிரீஸ் அடிக்கும் அளவு போதும். பராமரிப்புப் பணத்தைக் கட்டுமானத்துக்கு முன்பே வங்கியில் போட்டு, வட்டியில் வேலை நடக்க வேண்டும். திறப்பு விழாவுக்குத் தேதி குறிப்பதற்கு முன், ஒரு முழு ஆடியும் ஒரு முழு ஐப்பசியும் அது வெளியில் நின்று தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்வோம்.