ரஹீம் விட்டுச்சென்ற அளவுகோல்

டிரிபிளிங்கே கூடாது என்ற விதியோடு ஹைதராபாத்தில் ஒரு காலத்தில் கால்பந்துப் பந்தயங்கள் நடந்தன. பந்து காலுக்கு வந்ததும் கூட்டாளிக்குத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். நடத்தியவர் பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம். 1950இல் இந்திய அணியின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வெறுங்காலோடு ஆடியவர்களே மிகுந்திருந்த அணியை 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அழைத்துப்போன பாலாய்தாஸ் சாட்டர்ஜி அவருக்கு முன்னோடி.

1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடி. அந்த அடியை வீணாக்காததில்தான் ரஹீமின் பெருமை. ஆட்ட அமைப்பை மாற்றினார்; 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் கிடைத்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், முதல் ஆட்டத்திலேயே இந்தியாவை 2-0 என்று தோற்கடித்த தென் கொரியாவை இறுதியில் மீண்டும் சந்திக்க வேண்டியிருந்தது. தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார் ரஹீம். அவரும் ஒரு கோல் அடித்தார், 2-1, தங்கம். அப்போதே ரஹீமைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. 1963 ஜூனில் இறந்தார்.

ரஹீமிடம் ஆடிய பி.கே. பானர்ஜி, ஜி.எம்.எச். பாஷாவோடு சேர்ந்து 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கித் தந்தார். ஆனால் பி.கே.யின் பாணி வேறு. கரும்பலகையைவிட வாய்ப்பேச்சை நம்பியவர். ‘வோகல் டானிக்’ என்று கொல்கத்தாவே அதற்குப் பெயர் வைத்தது.

பிறகு வெளிநாட்டார் காலம். சிரிக் மிலோவான் 1984 ஆசியக் கோப்பைக்குள் கொண்டுசேர்த்தார். அடுத்த நுழைவுக்கு 27 ஆண்டுகள் ஆயின. 2011இல் தோஹாவுக்கு அழைத்துப்போன பாப் ஹூட்டன், நீண்ட முகாம்களையும் கட்டுக்கோப்பையும் நம்பினார். அங்கே மூன்று ஆட்டத்திலும் தோல்வி. ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் தரவரிசையில் 173இலிருந்து 96க்கு ஏற்றினார், 2019இல் தாய்லாந்தை 4-1 என்று வென்றார். இகோர் ஸ்டிமாக்குக்குக் கோப்பைகளும் கிடைத்தன, கவுகாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோல்வியும் கிடைத்தது.

இவர்களை ரஹீமோடு நிறுத்திப் பார்ப்பது, என் கணக்கில், நியாயமில்லை. அவர் கையில் ஒரு நகரமே இருந்தது. ஆட்டக்காரர்களைச் சிறுவயதிலேயே வளைத்தார். இவர்களுக்கு வாய்த்தது, கிளப்புகள் விட்டுக்கொடுக்கும் சில வாரங்கள்தான்.

2025 ஆகஸ்டில், சாவியோ மெதேராவுக்குப் பின் முதன்முறையாக, முழுப்பொறுப்பு ஓர் இந்தியருக்கு வந்தது. காலித் ஜமீல் முதல் தொடரிலேயே ஓமானை வென்று மூன்றாம் இடம் பிடித்தார். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றதோடு 2027 ஆசியக் கோப்பை கைநழுவியது.