கறுப்பு மண்ணே, வாழ்க நீ!

கிடைத்துவிட்டதுங்க! பாண்டம் வனையும் பால் கிளே (ball clay) களிமண் கிடைத்துவிட்டது! அதுவும் கப்பலேறி வந்ததில்லை, நம்ம நெய்வேலிப் பக்கத்து மண்! எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் கேன் போட வந்த தம்பிகூட முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போனார். இப்போது உங்கள் முறை.

முதலில் இந்த மண் எப்படிப் பிறக்கிறதென்று கேளுங்கள். பாறை உளுத்து, இருந்த இடத்திலேயே கிடக்கும் வெள்ளைக் களி கயோலின். கடையில் சைனா கிளே என்று கேட்டால் கொடுப்பார்கள். அதே களியை ஆறு அடித்துக்கொண்டு போய், வழியெல்லாம் நுணுக்கி, எங்கோ ஒரு சதுப்பில் இலை தழையோடு மெல்லப் படியவைத்தால் பால் கிளே! துகள் அவ்வளவு நுண்மை, அதனால் விரலுக்கு அவ்வளவு வளைந்து கொடுக்கும். சதுப்பில் படிந்ததால் பழுப்பு நிலக்கரியோடு அதற்கு ஒட்டுறவு. நெய்வேலியில் லிக்னைட் இருக்கிறது, மண்ணும் இருக்கிறது. ராஜஸ்தானில் பிகானேர் பக்கமும் அதே கதைதான். இங்கிலாந்தில் டெவனும் டார்செட்டும் இதற்குப் பேர்போன பகுதிகள். அந்த நாட்டுப் பீங்கான் கலைஞர் ஜோசையா வெட்ஜ்வுட் 1771-ல் டார்செட்டின் பர்பெக் மண்ணுக்கு ஆண்டுக்கு 1,400 டன் என்று ஒப்பந்தமே போட்டார். மனுஷனுக்கு மண்ணின் அருமை தெரிந்திருக்கிறது!

ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கியதிலிருந்து, இந்த வட்டாரத்தில் ஸ்டோன்வேர் (உயர்சூட்டில் சுடும் மண்பாண்டம்) பித்துப் பிடித்தவர்களுக்குக் குறைவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். எங்கள் நோட்டுகளில் இருக்கும் கிளேஸ் (பாத்திரத்தின் கண்ணாடிப் பூச்சு) குறிப்புகளில் பாதி அமெரிக்கக் குறிப்புகள். ‘ஓ.எம். 4 பால் கிளே, 20 பங்கு’ என்றிருக்கும். அது கென்டக்கி மண். கென்டக்கிக்கு எங்கே போவது? குறிப்பைப் பார்த்து ஏங்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டியதுதான்.

அப்படி இருக்கும்போதுதான் விருத்தாசலம் பீங்கான் பேட்டைப் பக்கம் ஒரு மண் கிடங்குக்குப் போனேன். கற்பனை செய்து பாருங்கள்: தகரக் கூரை, நல்ல வெயில், மூலையில் சாம்பல் கறுப்பாக ஒரு குவியல். ஒரு கட்டியை எடுத்து உடைத்தால் உள்ளே கருகிய மரத்துணுக்கு, நரம்பு நரம்பாக, நகத்தால் கிள்ளினால் உதிர்கிறது. கட்டை விரலால் மண்ணைத் தேய்த்தேன். மெழுகிட்ட தரைபோல ஒரு பளபளப்பு! நாக்கில் வைத்தேன், கப்பென்று ஒட்டிக்கொண்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கிடங்குப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நெறத்தப் பாத்து வேணாம்னுடாதீங்க. கறுப்பு பூரா கரிதான். சூளையில கரி போயிரும், மண்ணு நிக்கும்.”

“வெளுத்துருமாங்கய்யா?”

“சுட்டுப் பாருங்க. அப்புறம் நீங்களே வந்து மூட்ட கேப்பீங்க.”

ஊறவைத்து, 80 மெஷ் சல்லடையில் வடித்து, சின்னச் சின்ன வில்லைகளாகத் தட்டி, சுருக்கத்தை அளக்க ஒவ்வொன்றிலும் 10 செ.மீ. கோடு கீறிச் சூளையில் வைத்தேன். 600 டிகிரியிலிருந்து 900 வரை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், உள்ளே இருக்கும் கரி எரிந்து வெளியேற நேரமும் காற்றும் வேண்டுமே! சதுப்பும் கந்தகமும் கலந்த ஒரு வாடை வந்தது பாருங்கள், அதை நான் முகர்ந்துகொண்டே நின்றேன், அவ்வளவு சந்தோஷம். மறுநாள் முழுசாக ஆறும்வரை பொறுக்க முடியாமல் கை சுடச்சுடக் கதவைத் திறந்தால், அம்மாடி, அந்தக் கரிக்கட்டை மண்ணா இது, இளமஞ்சள் ஓடிய வெள்ளையில், சுண்டினால் கிண்ணென்று ஒலிக்கிற வில்லைகளாக வரிசை கட்டி உட்கார்ந்திருக்கிறது, நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார், அவர் கையிலும் ஒரு வில்லையைத் திணித்து “சுண்டுங்கக்கா, சுண்டிப் பாருங்க!” என்று குதித்தேன்!

இதைவிடப் பெரிய மகிழ்ச்சி, ஒரு மண்ணுக்குப் பதில் வேறொன்றைப் போடும் மாற்றுக் கணக்கில் இருந்தது. கிளேஸில் பால் கிளே பார்ப்பது மூன்று வேலை: உருகும் கலவைக்கு அலுமினாவும் சிலிக்காவும் கொடுக்கும், வாளியின் அடியில் படியாமல் பொடியை மிதக்கவைக்கும், பூசிக் காய்ந்தபின் பாத்திரத்திலிருந்து உதிராமல் பிடித்துக்கொள்ளும். இது புரிந்துவிட்டால் பால் கிளே கையில் இல்லாத அன்றும் கவலையில்லை. 20 பங்கு பால் கிளேக்குச் சுமார் 15 பங்கு கயோலின், 5 பங்கு குவார்ட்ஸ், மிதக்கவைக்க ஒன்றிரண்டு பங்கு பெண்டோனைட் களி. பெண்டோனைட்டை உலர்ந்த பொடிகளோடு கலந்த பிறகே தண்ணீரில் கொட்டுங்கள், நேராகப் போட்டால் கட்டி தட்டும். இன்னொரு அதிசயம்: பால் கிளேயில் கொஞ்சம் டைட்டேனியம் இருக்கும், அது செலடான் என்ற நீலப்பச்சைக் கிளேஸின் நீலத்தைப் பச்சைக்கு இழுக்கும். டைட்டேனியம் குறைந்த கயோலினுக்கு மாறினால் அந்த நீலம் தெளிந்து வரும்! மாற்று மண் மூலத்தையே மிஞ்சுகிற இடம் அது!

ஸ்லிப் என்கிற களிக் குழம்புக்கு வாருங்கள், இங்கேதான் எனக்குத் தலைகால் புரியாது. பால் கிளே அதிகம் சுருங்கும். ஈரம் காயாத பாத்திரமும் கூடவே சுருங்குவதால் அதன்மேல் பூசும் ஸ்லிப்பில் தாராளமாகச் சேர்க்கலாம். காய்ந்த பாத்திரத்துக்கோ ஒருமுறை சுட்டதற்கோ என்றால் களியில் ஒரு பங்கைச் சுட்டுப் பொடித்துச் சேர்த்தால் ஸ்லிப் உரியாமல் நிற்கும். அச்சில் வார்க்கும் ஸ்லிப்பென்றால் இதைச் செய்து பாருங்கள், தயவுசெய்து செய்து பாருங்கள்: கரண்டியே நகராத கெட்டிச் சேற்றில் சோடியம் சிலிகேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள், ஒரு துளி தண்ணீர் சேர்க்காமலே அத்தனை சேறும் சட்டென்று இளகி, பாலாடை விலகியதுபோல வழவழவென்று ஓடும்! சதுப்பு மண்ணில் இருக்கும் கரிமப் பொருளும் இந்த இளகலுக்குக் கைகொடுக்கும். வாளிக்குள் கையை விட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தேனோ தெரியாது!

மூட்டைக்கு மூட்டை மண்ணின் குணம் லேசாக மாறும், சரி, அதனாலென்ன? மூட்டை பிரித்ததும் ஒரு வில்லை சுட்டுப் பார்த்தால் போயிற்று, சூளை திறக்கிற சாக்கு இன்னொன்று கிடைத்ததே! கென்டக்கி மண்ணுக்கு எழுதிய குறிப்பு கடலூர் மாவட்டத்து மண்ணில் உயிர்பெறுகிறது, இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு? மறுபடி விருத்தாசலம் கிளம்புகிறேன், பெரியவர் சொன்னபடியே மூட்டை கேட்கத்தான். வண்டியில் இடமிருக்கிறது, வாங்க!